பகடையை உருட்டுமுன்

கேள்வி: சனிக்கிழமை வந்தால் என் மகனும் அவன் நண்பர்களும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேப்பரும் பென்சிலுமாக மணிக்கணக்கில் பேசுகிறார்கள். திடீரென்று ஒருவன் "கதவை உடைக்கிறேன்!" என்று கத்துகிறான். போய்ப் பார்த்தால் வீட்டுக் கதவு நன்றாகத்தான் இருக்கிறது. என்னதான் செய்கிறார்கள்? (கோவை வாசகி)

பதில்: கூடி உட்கார்ந்து கதை கட்டுகிறார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்வார்: மழை, பாழடைந்த கோட்டை, உள்ளே மினுக்கும் ஒரு விளக்கு. அவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். கதவு உடையுமா உடையாதா என்ற சந்தேகம் வரும்போது பகடை தீர்ப்புச் சொல்லும்.

பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடியவர்களிடமிருந்து பிறந்தது இது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நெப்போலியன் காலத்து ஆட்டம் ஒன்றை நடத்தியபோது, சிலருக்குப் படைப்பிரிவு தருவதற்குப் பதிலாக ஊர் மேயர், வங்கிக்காரர் என்று ஒரேயொரு மனிதரைக் கொடுத்தார். அந்தக் குழுவிலிருந்த டேவ் ஆர்னசன், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (சுருக்கமாக டி அண்ட் டி) 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள்.

அடுத்த சனிக்கிழமை முறுக்குத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சத்திரக்காரக் கிழவி வேடம் எப்போதும் காலியாகவே இருக்கும்.

கேள்வி: அடுத்த வாரம் முதல் முறையாக நான்தான் கேம் மாஸ்டர். கதையே வரமாட்டேன் என்கிறது. எங்கே போய்த் தேடுவது? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: முழுக் கதையைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். நீங்கள் வடக்கே கோட்டை கட்டி வைத்திருப்பீர்கள். உங்கள் நண்பர்கள் தெற்கே மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். அது அவர்களுடைய உரிமை. அந்த உரிமை இல்லையென்றால் இந்த விளையாட்டே இல்லை. நீங்கள் தேட வேண்டியது, ஆட்டக்காரரை முடிவெடுக்கவைக்கும் ஒரு நெருக்கடியை, ஒரு விதியை. அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

கைகாக்ஸ் செய்ததைப் பாருங்கள். 1979-இல் அவர் எழுதிய 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலின் பின்னிணைப்பு ஒன்றில் தனக்குத் தூண்டுதலாக இருந்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். 'அப்பெண்டிக்ஸ் என்' என்று அதை இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட், டோல்கியன், போல் ஆண்டர்சன் எல்லாரும் அதில் உண்டு. அவர்களிடமிருந்து அவர் எதை எடுத்தார் என்பதுதான் பாடம். ஜாக் வான்ஸின் 'தி டையிங் எர்த்' 1950-இல் வந்த நூல். அதில் மந்திரவாதியின் மூளைக்குள் ஒரு சில மந்திரங்களே ஒரே நேரத்தில் தங்கும். சொல்லி முடித்ததும் அந்த மந்திரம் நினைவிலிருந்தே அழிந்துவிடும். கைகாக்ஸ் இந்த ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டார். ஒரே மந்திரம் மிச்சம், எதிரே இரண்டு ஆபத்து, எதற்குச் செலவழிப்பாய்? ஐம்பது ஆண்டுகளாக மேசைகள்தோறும் ஆட்டக்காரர்கள் நகம் கடிப்பது இந்தக் கேள்விக்காக. நன்றிக்கடனாக, 'வான்ஸ்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி 'வெக்னா' என்றொரு கொடிய மந்திரவாதியே அந்த விளையாட்டில் உருவானான்.

ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலிலிருந்து வந்தது, வெட்ட வெட்டக் கூடிக்கொள்ளும் ட்ரோல் என்ற அரக்கன். நெருப்புதான் அவனுக்கு முடிவு. நாவலின் கதை விளையாட்டுக்குத் தேவைப்படவில்லை, "வாள் உதவாது, தீப்பந்தம் எங்கே?" என்று ஆட்டக்காரர் பதறும் அந்த நொடிதான் தேவைப்பட்டது. புத்தகம் கூடக் கட்டாயமில்லை. ஆந்தையும் கரடியும் கலந்த 'அவுல்பேர்', இரும்பைத் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்' இரண்டும் ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. இரும்பைத் தின்னும் பிராணி என்றால் பாருங்கள், பளபளக்கும் கவசம் போட்ட வீரன் ஓடுவான், கந்தல் கட்டிய மந்திரவாதி சிரிப்பான். ஒரு பொம்மையிலிருந்து இவ்வளவு எடுக்க முடிந்தது.

ஆகவே இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த நாவல் ஒன்றை எடுத்து, "இந்த இடத்தில் நான் இருந்தால் எனக்கு இரண்டு வழியாவது இருக்கிறதா? இரண்டுக்கும் விலை உண்டா?" என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். ஆம் என்று தோன்றும் பக்கத்தில் கோடு போடுங்கள். மூன்று கோடு விழுந்தால் ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும்.

கேள்வி: டி அண்ட் டி-யில் ராட்சசனுக்குப் புலித்தலை ஏன்? எங்கள் பாட்டி சொன்ன கதையில் அப்படி யாரும் இல்லையே? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: பாட்டி சொன்னதே சரி. அமெரிக்காவில் 1974-இல் ஓடிய 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிகாகோவுக்கு ஒரு ராட்சசன் வருகிறான். நம்பிக்கைக்குரியவரின் உருவில் நெருங்குவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால்தான் சாவான். விளையாட்டுக்குள் நுழைந்த ராட்சசன் இவன்தான். அந்த அம்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மானுவல்' புத்தகத்தில் புலித்தலையும் கையில் புகைக்குழாயுமாக வரைந்தார்கள், படம் நிலைத்துவிட்டது.

எனக்கு அந்தப் புலித்தலைமேல் கோபமில்லை. ஆனால் பொன்மானாக வந்த மாரீசனைத் தெரிந்த நமக்கு அதைவிட நல்ல ஆட்டம் கைவசம் இருக்கிறது. "காட்டில் ஓர் அதிசய மான் ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் இராமாயணம் தெரியும்; இருந்தும் ஒருவர் துரத்துவார். 2022-இல் வெளியான 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' என்ற அதிகாரபூர்வத் தொகுப்பில், மிமி மண்டல் வங்கத்தின் ஆறுகளையும் காடுகளையும் மனத்தில் வைத்து ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். இந்தியச் சூழலை உள்ளிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைப் படியுங்கள்.

கேள்வி: பேய்க்கதை ஆட்டம் நடத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். எப்படிப் பயமுறுத்துவது? (மதுரை)

பதில்: பேயைக் காட்டாதீர்கள், காகிதத்தைக் காட்டுங்கள். 1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதிய 'கால் ஆஃப் கதூலு' விளையாட்டில் உங்கள் பாத்திரம் பேராசிரியர், நிருபர், மருத்துவர் என்று சாதாரண ஆள். நூலகத்தில் தேடும் திறமைக்கே தனி மதிப்பெண் உண்டு. மனநிலைக்கும் ஓர் எண் உண்டு. உண்மை தெரியத் தெரிய அது குறையும். தெரிந்துகொண்டால்தான் பிழைக்கலாம், தெரிந்துகொண்டாலோ மனம் சிதறும். இந்த இழுபறியில்தான் பயம் பிறக்கிறது.

இந்த விளையாட்டுக்கு அடிப்படையான லவ்கிராஃப்டின் மூலக்கதையே, இறந்துபோன பெரியவர் விட்டுச்சென்ற காகிதங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் ஒருவர் கோத்துப் பார்ப்பதுதான். நீங்களும் அப்படி ஒரு கட்டுக் காகிதம் தயாரியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கையின் 'நூலகம்' திட்டத்திலும் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கதை என்றால் அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்திருக்கிறது. பழைய விளம்பரமும் மரண அறிவிப்பும் ஒரே பக்கத்தில் இருக்கும். அதை ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். லவ்கிராஃப்டின் எழுத்தில் இனவெறி வெளிப்படையாகவே உண்டு. அச்சத்தை எடுத்துக்கொண்டு வெறுப்பைக் கீழே போடுங்கள். கிறிஸ் ஸ்பைவியின் 'ஹார்லெம் அன்பவுண்ட்' அதே திகிலை, கறுப்பினக் கலைஞர்கள் கொடிகட்டிப் பறந்த 1920-களின் ஹார்லெமுக்குக் கொண்டுபோய், அவர்களையே நாயகர்களாக்கியது. அருமையான புத்தகம். இன்னொன்று: மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை வையுங்கள். யாருக்காவது ஒரு காட்சி தாங்கமுடியாமல் போனால் அட்டையைத் தொடலாம். காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிட வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் கொடுத்த இந்த ஏற்பாடு இருக்கும் மேசையில் மனிதர்கள் துணிந்து பயப்படுகிறார்கள்.

கேள்வி: விண்வெளிக் கதை ஆடலாம் என்றால் அறிவியல் தெரியவில்லையே? (சேலம்)

பதில்: கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். 1977-இல் மார்க் மில்லர் எழுதிய 'டிராவலர்' மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்களாக வந்தது. அதில் பாத்திரத்தை உருவாக்கும்போதே, பணிக்காலத்தில் பகடை சரியாக விழாவிட்டால், பாத்திரம் இறந்துபோகலாம். ஆட்டம் தொடங்குமுன்பே இரங்கல் கூட்டம் நடத்திய ஒரே விளையாட்டு என்று அதை இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார்கள்.

அதைவிட அதன் கிரகம் செய்யும் முறைதான் பொக்கிஷம். விண்கலத் துறைமுகம், கிரகத்தின் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, அரசு, சட்டக் கெடுபிடி, தொழில்நுட்பம் என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி ஓர் எழுத்தோ எண்ணோ குறிக்க வேண்டும். இப்போது வந்ததைப் படியுங்கள்: காற்று விஷம், மக்கள் பல கோடி, தொழில்நுட்பம் நீராவி எஞ்சின் அளவு. எப்படி மூச்சு விடுகிறார்கள்? காற்றை யாரோ வெளியிலிருந்து விற்கிறார்கள். யார்? விலை ஏறினால் என்ன ஆகும்? அந்தச் சரக்குக் கப்பலில்தான் உங்கள் நண்பர்கள் வேலை பார்க்கிறார்கள். கதை கிடைத்துவிட்டதா? பொருந்தாத எண்களை அழித்து மறுபடி உருட்டாதீர்கள். கதை அந்தப் பொருந்தாமையில்தான் இருக்கிறது.

கேள்வி: விளையாட்டு சினிமாவிலிருந்து எடுக்கிறது சரி, சினிமாக்காரர்கள் விளையாட்டிலிருந்து எடுத்ததுண்டா? (சென்னை)

பதில்: உண்டு. வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987-இல் 'ஸ்டார் வார்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, படத்தில் பெயரில்லாமல் நின்ற பல உயிரினங்களுக்குப் பெயரும் ஊரும் சூட்டியது. 'ட்வீலெக்', 'ரோடியன்' எல்லாம் அப்படி வந்தவை. பிறகு டிமத்தி ஸான் ஸ்டார் வார்ஸ் நாவல் எழுத உட்கார்ந்தபோது லூகாஸ்ஃபிலிம் அவருக்கு அனுப்பியது இந்த விளையாட்டுப் புத்தகங்களைத்தான். நாவல் 1991-இல் வந்தது.

கேள்வி: காசு இல்லை. இருபது முகப் பகடையும் இல்லை. (திருநெல்வேலி)

பதில்: இரண்டும் தடையில்லை. 2023 ஜனவரியில், பிறர் விதிகளைப் பயன்படுத்தும் உரிமத்தை வெளியீட்டாளர் மாற்ற முயன்றதற்கு உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு, டி அண்ட் டி-யின் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டன. தரவிறக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். தமிழில் யாராவது செய்தால் நான் முதல் வாசகன். ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஒரே பக்கம், இலவசம், சாதாரணப் பகடை போதும்.

பகடைக்கு: 1979-இல் தட்டுப்பாடு வந்தபோது டி அண்ட் டி பெட்டிக்குள் பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளையே வைத்து விற்றார்கள். நீங்களும் 1 முதல் 20 வரை எழுதி டம்ளரில் போடுங்கள். எடுத்த சீட்டை மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

கேள்வி: ஆள் இல்லை, தனியாக ஆடலாமா? (வேலூர்)

பதில்: ஷான் டாம்கினின் 'அயர்ன்ஸ்வார்ன்', 2018, இலவசம். எடுத்த சபதத்தை நிறைவேற்றப் போராடும் நாயகன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே தனியாக ஆடலாம்.

கேள்வி: சண்டையே இல்லாத ஆட்டம் உண்டா? என் மகளுக்கு வாள் பிடிக்காது, வரைய மட்டும் பிடிக்கும். (புதுச்சேரி)

பதில்: ஏவரி ஆல்டரின் 'தி கொயட் இயர்', 2013. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பெரிய தாள். பேரழிவுக்குப் பின் ஒரு சமூகம் மீண்டு எழும் ஓராண்டு. ஒரு சீட்டுக்கு ஒரு வாரம். வாரத்துக்கு ஒருவராக, முறைவைத்து வரைபடத்தை வளர்க்க வேண்டும். ஸ்பேட் ராஜா வந்தால் ஆட்டம் முடிந்தது. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிணறு வெட்டுவதா, மதில் எழுப்புவதா என்று உங்கள் மகள் உங்களோடு வாதாடுவாள், தோற்கத் தயாராகுங்கள்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஆட ஆசை. ஆனால் ஐந்து பேருக்கும் வந்தியத்தேவன் வேடம்தான் வேண்டுமாம்! (தஞ்சாவூர்)

பதில்: இதே வழக்கை கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் தீர்த்துவைத்தார். ஆர்தர் அரசன் கதையை வைத்து 'பென்டிராகன்' செய்தபோது, புகழ்பெற்ற லான்சலாட்டை யாருக்கும் தரவில்லை. நீங்கள் அதே காலத்தில் வாழும் பெயர் தெரியாத ஒரு வீரர். உங்கள் கருணைக்கும் கொடுமைக்கும் எண் உண்டு, அன்புக்கும் பகைக்கும் எண் உண்டு. நீங்கள் மூப்படைந்து செத்தால் உங்கள் பிள்ளை தொடர்வான். அதேபோல உங்கள் ஐவரும் பழையாறையில் ஓலை சுமப்பவர், நாகைத் துறைமுகச் சுங்கக் கணக்கர், ஈழத்துப் போரிலிருந்து திரும்பிய படைவீரர் என்று இருக்கட்டும். வந்தியத்தேவன் குதிரையில் கடந்து போவான்; புழுதி இவர்கள்மேல் படியும்.

ஆனால் தமிழில் தேடுவதென்றால் என்னுடைய முதல் பரிந்துரை சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவர் மூன்று பாதைகளைச் சொல்கிறார். இடப்புறப் பாதையில் திருமால்குன்றம். அங்கே ஒரு பிலம், அதாவது குகை; அதற்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் தெரியும், ஒன்றில் பழம்பிறப்பு, ஒன்றில் நினைத்தது கைகூடும். வாயிலில் வரோத்தமை என்ற பெண் தோன்றி இம்மை இன்பம், மறுமை இன்பம், இரண்டையும் கடந்த நிலை எவை என்று கேட்பாள். பதில் சொன்னால் கதவு திறக்கும். உள்வாயிலில் இன்னொருத்தி தோன்றி முடிவில்லாத இன்பம் எது என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை இல்லை. பழைய பாதையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாள். தோற்றவரைக் கொல்லாமல் வழியனுப்பும் இந்தக் காவலைப் போல அழகான ஒரு தடையை நான் எந்த விதிநூலிலும் பார்த்ததில்லை. அப்படியே எடுத்து வையுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. எங்களுக்கு அந்தப் பொய்கைகள் எதுவும் வேண்டாம் என்று கவுந்தியடிகள் மறுத்துவிட்டு நடக்கிறார். உங்கள் நண்பர்களும் அப்படியே செய்யக்கூடும். அதற்கும் அந்தக் காதையிலேயே ஏற்பாடு உண்டு: நடுப்பாதையில், தெரிந்தவர் உருவெடுத்து வழிப்போக்கரை மயக்கும் ஒரு கானகத் தெய்வம். தண்ணீர் தேடிப் பொய்கைக்குப் போன கோவலனுக்கு அது மாதவியின் தோழி வசந்தமாலையாக வந்து காலில் விழுந்தது. உங்கள் ஐவரில் யாருக்கு யார் உருவில் வரும் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.