காபிப் புகையியல்

காபி, புகை என்னும் இரண்டையும் பற்றி மாந்தர் நால்வகைப்படுவர். அவராவார் காபியர், புகையர், இருவினையர், விட்டோர் என்பார். இரண்டையும் தொடாதார் இவ்வியலுக்குப் புறம்பு. தம் பெருமையை அவரே போதிய அளவு சொல்லிக்கொள்வர்.

1. காபியர். பகலெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேரும். அது தனக்குரிய ஏற்பிகளில் போய் அமர்ந்தால் அயர்வு வரும். காஃபின் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே காபி தெம்பைக் கொடுப்பதன்று, களைப்பை மறைப்பது. காபியர் முதல் டிகாஷனார், இரண்டாம் டிகாஷனார், சிக்கரியார் என மூவகையர். சிக்கரியில் காஃபின் இல்லையாதலின் கடையவர் பெரும்பாலும் நிறத்தையே பருகுவர். வெளியூர்க் கல்யாணத்தில் வேளைக் காபி தவறினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தோன்றும். அதைச் சம்பந்தி வீட்டார் மேல் ஏற்றிச் சொல்லுதல் மரபு.

2. புகையர். இழுத்த 10 முதல் 20 நொடிக்குள் நிக்கோடின் மூளையை எட்டி டோபமைனைச் சுரப்பிக்கும். நாடி விரையும், ரத்த அழுத்தம் ஏறும். அப்போதுதான் அவர், ‘டென்ஷன் குறைஞ்சுது’ என்பார். முரணன்றோ எனின், அன்று. ரத்தத்து நிக்கோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகும். அக்குறைவால் எழும் எரிச்சலையே அடுத்த சிகரெட் அடக்குகிறது. வட்டி கட்டி வந்தவன் நிம்மதி எத்தன்மைத்தோ அத்தன்மைத்து இது.

3. இருவினையர். டீக்கடை வாசலில் ஒரு கையில் டம்ளரும் மறு கையில் சிகரெட்டுமாக நிற்பவர். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பது இவர் கொள்கை. பகை என்பது கல்லீரலின் கொள்கை. புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் சைப்1ஏ2 என்னும் நொதியைப் பெருக்கும். காஃபினைச் சிதைப்பது அந்நொதியே. பிறருக்குச் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகும் காஃபின், இவருக்கு ஏறக்குறைய இருமடங்கு விரைவில் தீரும். காபி தீர்ந்தமையின் கடைக்குப் போவார். கடைக்குப் போனமையின் பற்றவைப்பார். பற்றவைத்தமையின் காபி தீரும்.

4. விட்டோர். சிகரெட்டை விட்டுக் காபியை விடாதவர். சில நாளில் நொதி தணியும். டம்ளர் கணக்கு மாறாமலே ரத்தத்தில் காஃபின் ஏறிவிடும். படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை எல்லாம் வரும். இவற்றைப் புகை ஏக்கம் என்றே மயங்கி மீண்டும் பற்றவைப்பாரும் உளர். நிக்கோடின் பட்டை ஒட்டியவருக்கு இது வாராதே எனின், வரும். நொதியைத் தூண்டியது புகையேயன்றி நிக்கோடின் அன்று.

ஆதலின் விதி: சிகரெட்டை விடும் நாளிலேயே காபியையும் பாதியாக்குக. மாமியார் கையால் தரும் காபி இதற்கு விலக்கு என்பாரும் உளர். அது பொருந்தாது, நொதி உறவுமுறை பார்ப்பதில்லை.