மணிக்கூண்டடியில் ஒரு ‘மெயின்லேண்ட்’காரர்

போர்ட் பிளேரின் அபர்தீன் பஜார் மணிக்கூண்டடியில் வந்து இறங்கும் தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரரை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். செல்லுலார் சிறையைப் பார்த்துக் கலங்கிய கண் காய்வதற்குள் சங்கு மாலைக்கு விலை கேட்பவர் அவர்தான். டிசம்பரில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைவதைக் கண்டு, பேக்கேஜில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று சந்தேகிப்பார். “பையா, யே கித்னா?” என்று சிரமப்பட்டு இந்தியில் தொடங்குவார். “எறநூறு ரூபாண்ணே” என்று கடைக்காரர் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். “அட, நம்மாளு! எந்த ஊரு?” “இந்த ஊருதாண்ணே.” “அது சரி, சொந்த ஊரு?” “இதேதான்.” “அப்பாவுக்கு?” தாத்தா வரை தோண்டி ராமநாதபுரத்தை வெளியே எடுத்த பிறகுதான் அவர் மனம் ஆறும், பேரமும் தொடங்கும்.

பாசத்தில் கேட்பதை நையாண்டி செய்யலாமா என்பீர்கள். பாசத்தில் குறையில்லை; கணக்கில்தான் குறை. 1858 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கியபோது இந்த ஊருக்கு அடித்தளம் விழுந்தது. நம் சுற்றுலாக்காரர் கண்ணீர் விட்ட சிறை கட்டி முடிந்ததோ 1906இல். அதாவது ஜெயிலுக்கு ஊர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூத்தது. இடைப்பட்ட காலத்தில், நன்னடத்தைச் சீட்டு பெற்ற கைதிகள் பயிரிட்டார்கள், தொழில் செய்தார்கள், பெண் கைதிகளை மணந்து குடும்பமானார்கள். அவர்கள் வழிவந்தவர்களுக்கு இங்கே ‘லோக்கல் பார்ன்’ என்றே பெயர். பிறகு வங்க அகதிகளும் ராஞ்சித் தொழிலாளர்களும் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாரையும் பழைய முகவரிக்கே திருப்பி அனுப்புவேன் என்று நிற்கிறார் நம்மவர். கறாராகப் பார்த்தால், அவருடைய கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லக்கூடியவர்கள் கிரேட் அந்தமானியர்கள் மட்டுமே. தங்கள் மண்ணைக் காக்க 1859 மே மாதம் இதே அபர்தீனில் வில்லும் அம்புமாகப் போரிட்டவர்கள் அவர்கள். தங்களோடு வாழ்ந்து, பின் ஓடிப்போன தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டதால் தோற்றார்கள். இன்று அவர்களில் எஞ்சியிருப்போர் சில பத்துப் பேர்தான். சங்கு மாலைக் கடையில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

நாலு நாள் பயணத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் கேட்கலாம். இருநூறை நூற்றெண்பதாக்க அரை மணி நேரம் செலவிடுபவருக்கு நேரப் பஞ்சம் என்றால் யார் நம்புவது? சிறையில் வழிகாட்டி இருக்கிறார், சந்தையில் சொல்ல ஆளில்லை என்பது அடுத்த சாக்கு. சொல்லக்கூடிய ஆள் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைத்தான் இவர் ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிட்டாரே! தியாகிகள் அடைபட்ட இடத்தைப் பார்ப்பது கடமைதான். ஆனால் விடுபட்டவர்களும் விரட்டப்பட்டவர்களும் வந்தவர்களும் சேர்ந்து ஒரு ஊரை எப்படி உண்டாக்கினார்கள் என்பதைச் சிறைச் சுவர் சொல்லாது. அதற்கு, “எத்தனை தலைமுறையா இங்க இருக்கீங்க?” என்று கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே போதும். கதை கிடைக்கும், கடைக்காரர் மனம் குளிர்ந்தால் இன்னும் பத்து ரூபாய் குறையவும் கூடும். பின்னதையாவது நம்மவர் நிச்சயம் கவனிப்பார்.