பதினேழாம் பக்கத்துப் புள்ளி

நூலகத்துக்கு ஒழுங்காகப் பணம் கட்டுகிறவன் நான். வீட்டுவரி ரசீதைப் பார்த்தால் தெரியும்: சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. ஒரு தவணை பாக்கி கிடையாது. போன மாதம் வரை, உள்ளே போய்த்தான் இருபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

சொத்தும் வரியும் இல்லாத பத்து வயதில் தினமும் போய்க்கொண்டிருந்தேன். 1979. சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிளை நூலகம் என்பது ஓர் ஓட்டு வீட்டின் முன்கட்டு, நாலு பீரோ, இரண்டு பெஞ்சு. வருகிற ஒரே தினமணியை ஐந்து பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். நடுப்பக்கம் ரிட்டயர்டு வாத்தியாரிடம் போய்விடும். அப்பா கையில் பெரும்பாலும் வரி விளம்பரம்தான் சிக்கும். அதையும் விடமாட்டார். மெட்ராசில் எந்தத் தெருவில் வீடு வாடகைக்குக் காலி என்பது, மெட்ராஸ் பக்கமே போகாத அவருக்கு அத்துப்படி. இன்று அவர் போனில் எல்லாப் பத்திரிகையும் முழுசாக வருகிறது. அவர் படிப்பது வாட்ஸ்அப்பில் வரும் மூலிகை வைத்தியம்.

சீர்காழி என்றால் எங்களுக்குத் திருஞானசம்பந்தர், அப்புறம் கோவிந்தராஜன் பாட்டு. எஸ்.ஆர். ரங்கநாதன் 1892ல் அங்கே பிறந்தவர், பெயரில் இருக்கும் அந்த ‘எஸ்’ சீர்காழிதான் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததில், அதாவது நான் இன்றைக்கும் கட்டும் வரியில், அவருக்குப் பெரிய பங்கு உண்டு. புத்தகங்களை வகைப்படுத்தும் முறை ஒன்றையும் உண்டாக்கினார். எங்கள் நூலகத்து நாவல்களின் முதுகில் ‘ஓ31,3’ என்று ஆங்கில எழுத்தில் ஒட்டியிருக்கும். அந்த ஓவை நான் சைபர் என்றே வருஷக்கணக்காகப் படித்தேன். ஓ என்றால் இலக்கியம், 31 தமிழ், 3 நாவல் என்று தெரிந்தபோது எனக்கு வேலை கிடைத்துவிட்டிருந்தது.

அம்மா அந்த நூலகத்தில் கால் வைத்ததே இல்லை. ஆனால் அங்கிருந்த லக்ஷ்மி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன் நாவல்களில் அவள் படிக்காதது சொற்பம். கொண்டுவந்து கொடுத்தவன் நான். லைப்ரரி சார் அம்மாவைப் பார்த்ததே கிடையாது. “தம்பி, இதை உங்க அம்மா போன தீபாவளிக்கு முன்னாடியே படிச்சாச்சு. இதைக் கொண்டு போ” என்பார். ஒருமுறை குக்கர் வாங்கினேன் என்பதற்காக ஆறு மாதமாக எனக்குக் குக்கராகவே காட்டிக்கொண்டிருக்கும் போனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

அவரும் சில சமயம் தவறுவார். அதற்காக அம்மா தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். படித்து முடித்த புத்தகத்தில் பதினேழாம் பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. புத்தகம் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பதினேழைத்தான் புரட்டுவாள். துப்பறியும் கதைகளில் கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்த புண்ணியவான்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எப்படி மாட்டினான் என்று தெரியவேண்டாமா?

இப்போது என் வீட்டு அலமாரியில் நானூறு புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு ஜனவரியும் சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து பை பையாகச் சுமந்து வந்தவை. படித்தது பத்தில் ஒன்று தேறினால் அதிகம். நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்துவார்கள். அந்த ஊதா மைக்குப் பயந்துதான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது. சொந்தப் புத்தகம் எங்கே போகிறது, பொறுமையாகக் காத்திருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது பழைய பாசத்தில் நூலகத்துக்கு நடந்தேன். பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பது, வாசிப்பின் அருமை பற்றிப் பள்ளி ஆண்டுவிழாவில் அரை மணி நேரம் முழங்கிய எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் போனேன். கான்கிரீட் கட்டிடம், கம்ப்யூட்டர், நிறையக் கூட்டம். மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்தால், எல்லார் கையிலும் சொந்தப் புத்தகம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அலமாரிப் பக்கம் ஒருவரும் இல்லை. நாங்கள் பூகோளப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்து அடி வாங்கியவர்கள். இங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன். பக்கத்தில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். காலையிலிருந்து இருக்கிறாராம், மின்விசிறியும் அமைதியும் வீட்டில் சேர்ந்து கிடைக்காதாம். அப்பாகூட அந்த வரி விளம்பரத்துக்காகவா தினமும் வந்தார்?

லக்ஷ்மி நாவல் ஒன்றை உருவிப் பதினேழைப் புரட்டினேன். புள்ளி இருந்தது. பக்கத்தில் ஒரு டிக், ஒரு சின்னப் பூ, சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி.

அம்மாவுக்குப் போன் போட்டு, “ரெண்டு புள்ளி இருக்கும்மா. உன்னது எது?” என்றேன்.

“எதா இருந்தா என்ன? கதை மறந்துபோச்சு. எடுத்துட்டு வா.”

மேஜையில் நீட்டினேன். பெண் நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

“உறுப்பினர் அட்டை இருக்கா சார்?”