ஆதாரம் கேக்கப் போற பேத்திக்கு

ஏட்டி, இப்படி வந்து உக்காரு. அபிசேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துல போயி வரலாறு படிக்கப் போறேன்னு விண்ணப்பம் போட்டுட்டியாமே. உங்க அப்பன் நேத்து ராத்திரி சோறு திங்கல. உங்க அம்மை நேந்துக்கிட்டு உவரிக்குக் கெளம்பிட்டா. உங்க பெரியப்பன் மெட்ராஸ்ல மளிகைக்கடைக் கல்லாவுல இருந்துக்கிட்டே போனைப் போட்டு, "புள்ளைக்கு எவனும் செய்வினை கிய்வினை வச்சிட்டானா"ன்னு கேக்கான். நம்ம தெருவுல நர்சு இருக்கு, இன்சினியரு வீட்டுக்கு ரெண்டு கெடக்கு, பி.காம். முடிச்சிட்டு பைனான்சுல வட்டிக்கணக்கு எழுதுத பயலுவ இருக்கானுவ. செத்துப்போன ராசாவுக்கு வேலை பாக்கப் போற மொத ஆளு நீதான்.

புத்தி சொல்ல என்னைய அனுப்பியிருக்காவ. சரி, சொல்லுதேன். அந்தப் படிப்பு வேண்டாம் தாயி. சம்பளம் வராதுன்னு இவிய பொலம்புதாவளே, அதுக்காவ இல்ல. டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், பள்ளிக்கூடத்துக்குப் போவலாம், குழி தோண்டுத துறை இருக்கு, மியூசியம் இருக்கு. கஞ்சி எப்படியும் குடிச்சிருவ. எனக்குப் பயம் வேற. படிச்சி முடிச்சிட்டு வந்து நின்னு, "அதுக்கு என்ன ஆதாரம் தாத்தா"ன்னு கேப்ப பாரு, அதைத்தான் நம்ம ஊரு தாங்காது.

இங்கன ஆருக்குத்தான் வரலாறு இல்ல, சொல்லு. டீக்கடை பெஞ்சில நாலு பேரு உக்காந்திருந்தா மூணு பேரு பாண்டிய வம்சம். நாலாவது ஆளு சேரன். அவருக்குச் சம்பந்தம் நாகர்கோவில் பக்கம். வாளு எங்கன்னு கேட்டா வெள்ளக்காரன் கொண்டு போயிட்டாம்பாவ. பட்டயம் எங்கன்னு கேட்டா கரையான் தின்னுட்டும்பாவ. இந்த வெள்ளக்காரனும் கரையானும் இல்லேன்னா நம்ம ஜில்லாவுல பாதிச் சனம் அரமனையிலதான் குடியிருக்கும்.

கோயில் போர்டப் பாத்திருக்கியா? ஒரு கொடைக்கு ஐந்நூறு வருசப் பழமை. கும்பாபிசேகத்துக்கு வசூல் நல்லா வந்துட்டு, ஆயிரம் ஆயிட்டு. இப்போ பேனர்ல ஈராயிரம். அதே கமிட்டிக்காரந்தான், கல்லு பளிச்சினு இருக்கணும்னு மிசினை வச்சு மணலை வீசியடிச்சு எழுத்தையெல்லாம் மழுக்கினான். மிஞ்சினதுமேல எனாமல் பெயிண்ட்டு. பழமைக்குச் சாட்சியா நின்ன ஒரே ஆளைக் கொன்னுபோட்டு, பழமைய பேனர்ல அடிச்சு வச்சிருக்கான். நீ என்ன செய்வ, மிச்சம் மீதி கெடக்குத கல்லைத் தேச்சுக் கழுவி, நனைச்ச தாளை ஒட்டி, பிரஷ்ஷால அடி அடின்னு அடிச்சு எழுத்துப் பள்ளத்துக்குள்ள தாளை எறக்கி, மேல மையை ஒத்தியெடுப்ப. காஞ்சபொறவு உரிச்சா கருப்புக்குள்ள எழுத்து வெள்ளையா நிக்கும். அதுல நாயக்கர் காலத்துத் திருப்பணின்னு ஒரு வரி வந்துட்டுன்னு வையி, ஆயிரத்தைந்நூறு வருசத்தை ஒத்தத் தாள்ல கழிச்ச பாவம் உனக்கு. நமக்கு அந்த வருசம் வரியும் வாங்கமாட்டான், பொங்கச்சோறும் தரமாட்டான்.

ஆனா ஒண்ணு. ஆதாரம் கேக்குத புத்தியே இந்த மண்ணுல இல்லேன்னு சொல்லிற முடியாது. நெலம்னு வந்துட்டா அம்புட்டுப் பேரும் புரபசருதான். மூலப்பத்திரம் எங்க, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா, நாலு எல்லை என்ன, சாட்சிக் கையெழுத்து ஆருது, அந்தச் சாட்சி அப்போ உசுரோட இருந்தானா? ராசா வம்சம்னு சொல்ல வாய் போதும். ரெண்டு சென்டு விளைன்னா மட்டும் பதிவாபீசு தூசியையெல்லாம் தட்டிருவானுவ.

இது நேத்து வந்த புத்தியும் இல்ல. வேள்விக்குடிச் செப்பேடுன்னு ஒண்ணு, உனக்குப் பாடத்துல வரும். முதுகுடுமிப் பெருவழுதிங்கிற பாண்டியன் நம்ம கொற்கைக்காரன் நற்கொற்றனுக்கு ஒரு ஊரையே தானமாக் குடுத்தான். பொறவு களப்பிரர் வந்தாவ, நெலம் கை மாறிட்டு. தலைமுறை தலைமுறையாப் போயி, கி.பி. 8-ஆம் நூற்றாண்டுல நெடுஞ்சடையன் பட்டத்துக்கு வந்த மூணாவது வருசம், அந்த வம்சத்துக்காரன் நற்சிங்கன்னு ஒருத்தன் மதுரையில வந்து நின்னு, "எம் பூர்வீகச் சொத்து போச்சே"ன்னு சத்தம் போடுதான். ராசா உடனே தூக்கிக் குடுத்திரல. சிரிச்சிருக்கான். நாட்டாரை வச்சு அது பழசுதான்னு காட்டு, பொறவு எடுத்துக்கோன்னுட்டான். இவனும் காட்டினான், வாங்கினான், செம்புல வெட்டி வச்சுக்கிட்டான்.

இதுக்கு மேலதான் உம் படிப்பு. செப்பேட்ட எழுதி வச்சது ஆரு? நெலம் திரும்பக் கெடைச்ச ஆளு பக்கம். அதுல களப்பிரன் பொல்லாதவன்னு இருக்கு. பின்ன எப்படி இருக்கும்? இந்த மாதிரி வாக்குமூலத்தை வச்சுக்கிட்டுத்தான் அந்தக் காலத்தையே "இருண்ட காலம்"னு வாத்தியாருமாரு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தாவ. பூலாங்குறிச்சிக் கல்வெட்டு மாதிரி சங்கதிகள் வெளிய வந்தபொறவு, விவகாரம் அம்புட்டு லேசுல்லன்னு பேச்சை மாத்திக்கிட்டாவ. கெழக்கு விளை வழக்குல நம்ம பங்காளி கோர்ட்டுல குடுத்த மனுவை மட்டும் வாசிச்சிட்டு ஒருத்தன் என்னையப் பத்திப் பாடம் எழுதினான்னா, நான் இருண்ட காலம் இல்ல, அமாவாசைதான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. மத்தியான வெயில்ல நூலகத்துல ஓசி பேனுக்குக் கீழ உக்காரணும்னா கையில ஒரு புஸ்தகம் இருந்தாகணும்.

அடுத்தது தேரி. செம்மண்ணுன்னு ஒதுக்கிப் போட்டிருக்கோமே, அதுக்குள்ள நகம் பெருசுக்குச் செதுக்கின கல்லாயுதம் கெடக்கு. வெங்கச்சங்கல்லு, செர்ட்டுக் கல்லு. மெஞ்ஞானபுரம், புத்தன்தருவை, சாயர்புரம்னு நம்ம அத்தை வீடு, சித்தி வீடு இருக்குத ஊராப் பாத்துத்தான் கெடைச்சிருக்கு. சொய்னர், பிரிஜெட் ஆல்சின்னு ரெண்டு பேரு ஆராஞ்சு 1956-ல எழுதினாவ. நம்மாளு அதுமேலதான் காலங்காலமா பனைக்கு நடந்தான். குத்தினா முள்ளுன்னு நெனச்சு ஏசியிருப்பான். ஆதிச்சநல்லூர்க் கதையும் அதுதான். 114 ஏக்கர் பரம்பு, ஊருக்குப் பக்கத்துலயே தாழி தாழியாப் பெதச்சு வச்சிருக்கு. 1876-ல பெர்லின்ல இருந்து யாகோர் வந்து தோண்டி அள்ளிக்கிட்டுப் போனாரு. 1899-ல இருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினாரு. தங்கப்பட்டம், இரும்பு, வெங்கலம்னு ஏகப்பட்ட சாமான், எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. நம்ம ஊருல கோழிக்குஞ்சு ஒண்ணு காணாமப் போனா ஏழு நாள் ஏச்சு கேக்கும். இதுக்கு ஒரு நாதியும் கேக்கல.

இப்போ என்னடான்னா எல்லாரும் கேக்கான். சிவகளைத் தாழியில கெடந்த நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பாத்து, கி.மு. 1155-ன்னு 2021-ல சொன்னாவ. 2025 சனவரியில, அதே சிவகளையில இரும்போட சேத்து எடுத்த கரியை வச்சு கி.மு. 3345 வரைக்கும் போவுதுன்னு அறிக்கை வந்துச்சு. அறிஞர்மாரு அதுல இன்னும் சாட்சியை நிறுத்தி வச்சுக் குறுக்குக்கேள்வி கேட்டுக்கிட்டிருக்காவ. நம்ம பயலுவளுக்குக் கேள்வி ஏது? அறிக்கை வந்த அன்னைக்கே வாட்ஸப்புல "ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு உருக்கிய எங்கள் குலம்"னு மீசை வச்ச படத்தோட வந்துட்டு. கரிக்கு வயசு சொல்லலாம் தாயி. அந்தக் கரிக்கு விறகு வெட்டினவன் எந்தச் சங்கத்துல சந்தா கட்டினான்னு எந்த மிசினும் சொல்லாது. இதை நீ கல்யாண வீட்டுப் பந்தியில சொல்லித் தொலச்சிராத. பாயசம் வாரதுக்கு மின்ன எந்திரிக்க வேண்டியிருக்கும்.

பக்கத்துல இடையன்குடி. கால்டுவெல் பாதிரியாரு 1841-ல வந்து அங்கனயே இருந்தாரு. கோயில் கட்ட 1847-ல ஆரம்பிச்சவரு 1880-லதான் முடிச்சாரு. 33 வருசம். நம்ம பஞ்சாயத்துக் கான்ட்ராக்டரு இதைக் கேட்டா ரொம்பச் சந்தோசப்படுவான். அந்த மனுசன் 1849-ல பனையேறிச் சனத்தைப் பத்தி ஒரு சின்னப் புஸ்தகம் எழுதினாரு. இந்தச் சனத்துக்கு அறிவு மட்டு, அது இதுன்னு அதுல கண்டபடிக்கு இருந்துச்சு. விசயம் வெளிய தெரிஞ்சதும் ஆத்திரம்னா ஆத்திரம். அவர் கூட்டத்தை விட்டே ஆளுவ பிரிஞ்சு போனாவ. பதிலுக்கு நம்மாளுவளும் பேனாவத் தூக்கினாவ; நாங்கதான் ஆதி, நாங்கதான் அரசாண்டோம்னு புஸ்தகத்து மேல புஸ்தகம்.

அதே கால்டுவெல்தான் 1881-ல திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினாரு. அதைத் தொடாம இந்த ஜில்லாவைப் பத்தி ஒருத்தனும் ஒரு பக்கம் எழுதமுடியாது; அவரைத் திட்டி எழுதினவனும் அதைப் பாத்துத்தான் எழுதினான். 1891-ல கொடைக்கானல்ல செத்தாரு. இடையன்குடிக்குக் கொண்டாந்து அந்தக் கோயிலுக்குள்ளயே அடக்கம் பண்ணினாவ. அவரு சொன்ன ஏச்சும் நம்ம பாட்டன் பூட்டனைத்தான், பாடுபட்டதும் அவியளுக்காவத்தான். நீ ரெண்டையும் வாசி. ஒண்ணை மட்டும் வாசிச்சிட்டு வந்து ஆளுக்கு மாலை போடுதவனும், இன்னொண்ணை மட்டும் வாசிச்சிட்டு வந்து கல்லெறியுதவனும் ஊருக்கு வேண்டியமட்டும் இருக்கான். அவன் போதாதுன்னு பல்கலைக்கழகத்துக்கு பீசு கட்டி ஒருத்தி எதுக்கு?

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1990-ல பேரு வச்சாவளே சுந்தரனாருன்னு, அவரு தத்துவ வாத்தியாரு. திருவனந்தபுரத்துல பாடம் நடத்தின நேரம் போக, திருவிதாங்கூர்க் கல்வெட்டைத் தேடித்தேடி வாசிச்சவரு. கல்லிடைக்குறிச்சியில பொறந்த நீலகண்ட சாஸ்திரி நம்ம இந்துக் காலேஜுலதான் படிச்சாரு, அங்கனயே வேலையும் பாத்தாரு. பொறவு சோழனுக்கும் பாண்டியனுக்கும் சேத்து வரவுசெலவு எழுதின மாதிரி கல்வெட்டு கல்வெட்டா எடுத்துப் போட்டாரு. நாங்குநேரி வானமாமலை கல்லை விட்டுட்டு வில்லுப்பாட்டுக்காரன் வாயைப் பாத்தாரு. முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கதைன்னு அச்சுல ஏத்தினாரு. பாளையங்கோட்டை தொ. பரமசிவன் அபிசேகப்பட்டியிலதான் தமிழ்த்துறைத் தலைவரா இருந்தாரு. உப்பு, எண்ணெய், உரல், உடுத்துத துணின்னு அடுக்களைக்குள்ள பூந்து வரலாற எடுத்தவரு அவரு. உங்க ஆச்சிகிட்ட கருப்பட்டி காய்ச்சுத பக்குவம் கேட்டியா நீ? கேட்டிருக்கமாட்ட. ராசா எத்தன யானை வச்சிருந்தான்னு தெரிஞ்சிருக்கும். பயினி பொங்கி வழியாம இருக்க எதைப் போடுவாவன்னு தெரியாது. ஆச்சிக்கு எந்தக் கல்வெட்டும் கெடையாது, அதனால உசுரோட இருக்கும்போதே கேட்டுக்கோ. கேட்டா மொதல்ல ஏசுவா. பொறவு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் விடமாட்டா.

சரி, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கி. நீ கேக்கப்போறதில்ல. உங்க அப்பங்கிட்ட நான் பேசிக்கிடுதேன். "அண்ணனுக்கு இன்சினியரிங்குக்கு எழுதின செக்குல கால்வாசிதான்டா ஆவும்"னு சொன்னா இன்னைக்கு ராத்திரி நல்லாத் திம்பான்.

ஆனா எனக்கு ஒரு வேலை செஞ்சு தரணும். பரண்ல மரப்பெட்டிக்குள்ள ஓலைக்கட்டு ஒண்ணு கெடக்கு. கெழக்கு விளைக்கு உள்ள கணக்குன்னு எங்க அய்யா சொல்லுவாவ, அவியளும் வாசிச்சதில்ல. படிப்பு முடிச்சு வந்து அதைப் பிரி. அவசரப்பட்டு வளைச்சியோ, நொறுங்கிரும். தூசியைப் பஞ்சால பைய ஒத்தியெடுத்து, எண்ணெய் தடவி, விளக்குக்கரியப் பூசித் தொடச்சியானா கீறின எழுத்துக்குள்ள மட்டும் கருப்பு தங்கும். புள்ளி வச்சிருக்கமாட்டான். காலும் ரகரமும் ஒண்ணுபோலக் கெடக்கும். அளவை மா, காணி, முந்திரின்னு போட்டிருப்பான். மான்னா 20-ல ஒண்ணு, காணின்னா 80-ல ஒண்ணு, முந்திரின்னா 320-ல ஒண்ணு. ஒரு சுழியை மாத்தி வாசிச்சா நாலு பனை வேலிக்கு அந்தப் பக்கம் போயிரும், பாத்துக்கோ.

வாசிச்சுப் பாத்து விளை நம்மளுதுன்னு இருந்தா, சந்தை அன்னைக்கு நாலு பேரு காதுல விழுதாப்புல சத்தமாச் சொல்லு. பங்காளிக்குள்ளதுன்னு இருந்தா, ராத்திரி எல்லாரும் ஒறங்கினபொறவு வந்து, என் எடது காதுல சொல்லு. அந்தக் காதுதான் எனக்குக் கேக்காது.