மூன்று கோப்பு, ஒரு கடப்பாரை

எங்கள் நகராட்சி தார் ரோடு போட்ட மறுவாரமே குழாய் பதிக்கத் தோண்டுகிறதே, ஏன்?

ரோடு நகராட்சிப் பொறியாளரின் கோப்பில், கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கோப்பில், கேபிள் மின்வாரியத்தின் கோப்பில். மூன்றும் ஒரே மேசையில் சந்திப்பதற்குள் கடப்பாரை முந்திவிடுகிறது! அடுத்த முறை தார் டின் இறங்கும்போதே கவுன்சிலரைப் பிடியுங்கள். “அடியில் போக வேண்டியதெல்லாம் போய்விட்டதா?” என்று கேளுங்கள்.

சாக்கடைக்கு முன்பணம் கேட்டால் எந்த ஊரில் கொடுப்பார்கள்?

ஆலந்தூரில் கொடுத்தார்களே! 1990களின் பிற்பகுதி. சென்னை மாநகராட்சியோடு இணையாமல் தனி நகராட்சியாக இருந்த காலம். பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டார்கள். அன்றைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் மக்களிடம் நேரில் போய்ப் பேசினார்கள். செப்டிக் டேங்க் லாரிக்குத் திரும்பத் திரும்பப் பணம் அழுதுகொண்டிருந்தவர்களுக்குக் கணக்கு புரிந்தது. பள்ளம் தோண்டுமுன்பே ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். தமிழ்நாட்டு நகராட்சிகள் இன்றும் பெருமையோடு சொல்ல வேண்டிய கதை இது. உங்கள் ஊரில் யாராவது கணக்கோடு வீட்டுப் படியேறி வந்து கேட்டார்களா?