எத்தினி சுத்து வேணும் மாப்ளே?

குந்து மாப்ளே. உன் .22 ரைஃபிளுக்கு 9 இன்ச் ட்விஸ்ட்ல புது பேரல் வரவழைக்கப் போறியாமே? உங்கம்மா வந்து புலம்பிட்டுப் போனா. எனக்கு இன்னா தெரியும், முடிச்சூர்ல ரெண்டு மாட்டைக் கட்டிக்கினு சாணி அள்ளற கிழவன். நீ சிறுசேரியில ஏசி ரூம்ல குந்திக்கினு கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவன். என்னா ஒண்ணு, இந்த மாடுங்க வர்றதுக்கு முன்னால பட்டாளத்துல ஆர்மரரா இருந்து, பேரலுக்குள்ள தொடைக்கற துணியை விட்டு இழுத்தே காலத்தை ஓட்டினேன். அந்தத் தெம்புல ஒண்ணு ரெண்டு கேக்கறேன், கோவிச்சுக்காத.

9 இன்ச் ட்விஸ்டுன்னா இன்னா? பேரலுக்குள்ள வெட்டியிருக்கற வரியைப் புடிச்சுக்கினு 9 இன்ச் தூரம் போறதுக்குள்ள தோட்டா ஒரு முழுச் சுத்து சுத்தும். அடேங்கப்பா, கரெக்டா சொல்லிட்டியே! போன மாசம் வரைக்கும் 16 பெரிய நம்பரு, அதனால அதுதான் ஜாஸ்தி சுத்தும்னு என்கிட்டயே அடிச்சுப் பேசினவன் நீ. நம்பரு கொறைய கொறைய சுத்து ஏறும்னு இப்ப வெளங்கிடுச்சு. அடுத்தாப்ல நம்பரு கொறைஞ்சா நல்லதுன்னு முடிவும் கட்டிட்டே. அங்கதான் மாப்ளே வண்டி பள்ளத்துல எறங்குது.

சின்னப்புள்ளையில இந்தத் தெருவுல பம்பரம் வுட்டு, அடுத்தவன் பம்பரத்துக்கு ஆக்கர் வெச்சவன்தானே நீ? குட்டையா குண்டா இருக்கற பம்பரம் ஏனோதானோன்னு சாட்டையை இழுத்தாலும் நின்னு சுத்தும். ஒசரமா ஒல்லியா ஒண்ணு செஞ்சு வுடு, அதே இழுப்புக்குத் தலையாட்டிக்கினு சாஞ்சுடும். அது நிக்கணும்னா இன்னும் வேகமா சுத்தணும். தோட்டா கதையும் அவ்ளோதான். மூக்கைப் புடிச்சுக் காத்து தள்ளுது, சுத்தறதாலதான் அது குப்புற வுழாம போவுது. தோட்டா நீள நீள, சுத்து ஜாஸ்தி கேக்கும்.

நீளம்னு சொன்னேன், கவனிச்சியா? எடைன்னு சொல்லல. நீயும் உன் சேக்காளிங்களும் 40 கிரெய்ன், 60 கிரெய்ன், 77 கிரெய்ன்னு தங்கம் நிறுக்கற மாதிரியே பேசிக்கினு கீறீங்க. ஒருத்தனாவது தோட்டாவை வெர்னியர்ல வெச்சு நீளம் பாத்தானா? ஒரே விட்டத்துல, ஒரே ஈயத்துல எடையை ஏத்தினா நீளமும் ஏறும், அதனால உங்க பேச்சு பாதி நாளு பலிச்சுடுது. செம்பையே கடைஞ்சு ஒரு தோட்டா பண்ணிப் பாரு. அதே எடைதான், ஆனா ஈயத் தோட்டாவை வுட நீட்டமா இருக்கும், சுத்தும் கூடக் கேக்கும்.

இத்த கணக்கா எழுதி வெச்சவரு கிரீன்ஹில்னு ஒரு வாத்தியாரு, இங்கிலாந்துல வூலிச் பீரங்கிப் படைப் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்தவரு. 1879-ல போட்ட கணக்கு அது. தோட்டாவோட விட்டத்தை இன்ச்ல எடுத்து, அத்த அதாலயே பெருக்கி, மறுபடி 150-ஆல பெருக்கி, நீளத்தால வகு. வர்றதுதான் ட்விஸ்ட். தோட்டா செகண்டுக்கு 2,800 அடிக்கு மேல பறந்தா 150-க்குப் பதிலா 180 போட்டுக்கோ. இந்தக் கணக்குல எடை எங்கயாவது வருதா பாரு. 2005-ல டான் மில்லர்னு ஒருத்தரு எடை, வேகம் எல்லாம் சேத்து இன்னும் நுணுக்கமா ஒண்ணு போட்டாரு. உனக்கு மொதல்ல வாத்தியாரு கணக்கே போதும்.

போட்டுப் பாப்பமா? உன் .22-ல போற 40 கிரெய்ன் ஈயத் தோட்டா விட்டம் 0.224, நீளம் சுமார் 0.47 இன்ச். பெருக்கி வகுத்தா 16. உன் பேரல்ல இன்னா போட்டிருக்கான்? 16. ஒலகத்துல முக்காவாசி .22 ரைஃபிளுக்கு 16 போடறவன் பைத்தியக்காரனா? நீ எங்கயோ புடிச்சாந்தியே ஒரு 60 கிரெய்ன் டப்பா, அத்த இந்த 16 பேரல்ல போட்டு சுட்டே. பேப்பர்ல ஓட்டை எப்புடி இருந்துச்சு? வட்டமாவா? பக்கவாட்டுல படுத்துக்கினே பூந்திருந்துச்சு. கீஹோல்னு சொல்லுவாங்க அத்த. நீ இன்னாடான்னா ஸ்கோப்பைக் கழட்டி மாட்டினே, காத்தைத் திட்டினே, சுடுதளத்துல ஃபேன் போட்டவனையும் திட்டினே. தப்பு உன் டப்பாவுல இருந்துச்சு மாப்ளே. அந்த 60 கிரெய்ன் சரக்கு மெக்சிகோக்காரன் பண்றது. ரைஃபிள்ல அடங்கணும்னு .22 ஷார்ட் கேஸை எடுத்து, அது மேல நீட்டமான தோட்டாவை சொருகி வெச்சிருக்கான். அதுக்குத்தான் 9 இன்ச் ட்விஸ்ட் வேணும்.

ஓ, அப்ப நான் கேட்டது சரிதானேன்னு சிரிக்கிறியா? இரு, சிரிப்பை மிச்சம் வெய்யி.

அமெரிக்காக்காரனும் உன்னை மாதிரி ஆடிப் பாத்தவன்தான், அவன் கஜானா பெரிசு. அவங்க ஏஆர்-15 ரைஃபிள் மொதல்ல வந்தப்போ 14 இன்ச்சுக்கு ஒரு சுத்து, 55 கிரெய்ன் தோட்டா. சாதாரண நாள்ல ஓடுச்சு. உறைபனிக் குளிர்ல வெச்சு சுட்டா ஆட்டம் கண்டுடுச்சு. குளுந்த காத்து அடர்த்தி, மூக்கை ஜாஸ்தி தள்ளும். 1963-ல 12-க்கு எறக்கினாங்க. அந்தத் தோட்டா நீளம் முக்கா இன்ச், 180 போட்டு வாத்தியாரு கணக்குல வகுத்துப் பாரு, 12 வரும். 1980-ல நேட்டோ நாடுங்க பெல்ஜியம்காரனோட எஸ்எஸ்109 தோட்டாவை எடுத்துக்கினாங்க. எடை வெறும் 7 கிரெய்ன்தான் கூட, 62. ஆனா உள்ள மூக்குல இரும்பைச் சொருகினதால நீளம் 0.9 இன்ச். பழைய 12 பேரல்ல இத்த போட்டா தலைகீழாப் புரளுது. கணக்குப்படி 10 போதும். ஆனா அதே பேரல்லயே இத்த வுட நீட்டமான, வெளிச்சம் வுட்டுக்கினே போற டிரேசர் தோட்டாவும் போவணுமே! அந்த ஒரு நெட்டையனுக்காகத்தான் அந்த ரைஃபிளோட பிந்தின மாடல் எம்-16ஏ2-வுல 7 இன்ச். செகண்டுக்கு 3,000 அடி வேகத்துல அந்த பேரலை வுட்டு வெளிய வர்றது நிமிஷத்துக்கு மூணு லட்சத்துக்கும் மேல சுத்தும். நீ பாத்த வீடியோவுல ஒருத்தன் ஏழு ஏழுன்னு கத்தறான் பாரு, அந்த ஏழு எங்கருந்து வந்துச்சுன்னு அவனையே கேளு.

கூடுதலா சுத்தினா இன்னா கெட்டுடும்னு கேப்பே. மேல்தோல் மெலிசா இருக்கற தோட்டா நடுவழியிலயே பிச்சுக்கினு சாம்பல் புகையாப் போவும், பேப்பருக்கே வராது. உன் ஈயத் தோட்டா அப்புடிப் பிச்சுக்காது. அதுல வேற வினை. வார்ப்புல ஒரு பக்கம் துளி கனம் கூட இருந்தா, சுத்து ஏற ஏற அந்தக் கோணல் பெரிசாயிடும். 16 பேரல்ல நிமிஷத்துக்கு 47,000 சுத்துல போறது, 9-ல 84,000. ரஷ்யாக்காரன் டிரகுனோவ் தெரியுமா? நம்ம பட்டாளத்துலயும் தோள்ல மாட்டிக்கினு திரிஞ்ச சாமான். மொதல்ல 320 மில்லிமீட்டருக்கு ஒரு சுத்து. அப்பால கவசம் துளைச்சு நெருப்பு வெக்கற தோட்டாவுக்காக 240-க்கு எறக்கினாங்க. அந்தத் தோட்டா நிமிர்ந்து போச்சு, சாதா ஸ்னைப்பர் தோட்டா கொத்தா வுழறது கலைஞ்சு போச்சு. நீ ஐயாயிரம் மைல் தாண்டி காசு குடுத்து வாங்கப் போறது அந்த வித்தையைத்தான்.

நம்ம ஊரு சாமானையே எடுத்துக்கோ. போலீஸ்காரங்க தலைமுறை தலைமுறையா தூக்கிக்கினு நின்ன .303 லீ என்ஃபீல்டு. 10 இன்ச்சுக்கு ஒரு சுத்து, அதுவும் இடப்பக்கமா. மத்தவன் முக்காவாசி பேரு வலப்பக்கம் போனா இது எடக்குப் புடிச்சவன். தூரம் போனா தோட்டாவும் அந்தப் பக்கமே கொஞ்சம் நகரும். அந்த ரைஃபிள் பொறந்தப்போ மொட்டை மூக்கு 215 கிரெய்ன் தோட்டா. 1910-ல கூர்மூக்கு 174 கிரெய்னுக்கு மாறினாங்க. எடை இவ்ளோ எறங்கிடுச்சே, ட்விஸ்டை மாத்தினாங்களா? இல்ல. ஏன்னா அந்தத் தோட்டா மூக்குல ஈயம் கெடையாது, அலுமினியம், சில சமயம் மரக்கூழு. எடை கொறைஞ்சாலும் ஆளு நெட்டைதான், பின்பக்கம்தான் கனம். பேரல் எடையைப் பாக்காதுன்னு இதுக்கு மேல எவன் சொல்லணும்? அதே என்ஃபீல்டை ஈஷாப்பூர்ல வரியே இல்லாம வழவழன்னு ஆக்கி .410 மஸ்கட்டுன்னும் குடுத்தாங்க, காவக்காரங்களுக்கும் ஜெயிலுக்கும். உருண்டைக் குண்டுக்குத் தலையும் இல்ல வாலும் இல்ல, எப்புடிப் புரண்டா இன்னா?

பரங்கிமலையில 1963-லருந்து ஆபீசருங்களைத் தயார் பண்றாங்க. ஊனமாஞ்சேரியில போலீஸ் அகாடமி இருக்கு, ஒத்திவாக்கத்துல அவங்க ரேஞ்சு இருக்கு. போய்க் கேளு, எந்தக் கேடட்டாவது ட்விஸ்ட் எத்தினின்னு தலையைப் பிச்சுக்கினானா? சர்க்காரு பேரலையும் ரவுண்டையும் ஜோடி சேத்தே கையில குடுத்துடுது. அந்தத் தலைவலி 1966-லருந்து திருச்சி ஃபேக்டரியில இருக்கறவங்களுக்கு. சொந்தக் காசுல தனித்தனியா வாங்கற உன்னை மாதிரி புத்திசாலிங்களுக்குத்தான் இந்தக் கண்றாவி.

அப்புறம், ஆயிரம் கெஜம் சுடப் போறேன்னியே, எங்க மாப்ளே? பெருங்களத்தூர்லருந்து படப்பை வரைக்கும் பாத்துட்டேன், ஆயிரம் கெஜம் காலியா கெடந்தா அன்னைக்கே பிளாட்டுக் கல்லு நட்டுடறான். அவ்ளோ தூரத்துக்கு வேணுங்கற .303, 7.62 எல்லாம் நமக்குத் தடை போட்ட சைஸ், ஆசைப்பட்டா லைசென்ஸ் ஆபீஸ்ல இல்ல, போலீஸ் ஸ்டேஷன்லதான் டீ குடிக்கணும். நீ சுடறது 50 மீட்டரு. அங்க பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டரு. 50 மீட்டருக்கு 40 கிரெய்ன் போதும்னு ஒலிம்பிக்ல சுடறவனே சொல்றான், நீ அவனுக்கும் மேல.

இன்னொண்ணு, தாம்பரம் புழுக்கத்தைத் திட்டாத. ஈரக் காத்து கனம்னுதானே நெனச்சுக்கினு கீறே? ஒரே சூட்டுல, ஒரே அழுத்தத்துல வெச்சா ஈரக் காத்துதான் வறண்ட காத்தை வுட லேசு. நம்ம சித்திரை வெயிலும் வேர்வையும் உன் தோட்டா நிமிர்ந்து போறதுக்குத் துளியாவது ஒத்தாசைதான் பண்ணுது. சுடற ஆளு நிமிர்ந்து படுக்க மாட்டேங்கறான், அத்த நான் இன்னா பண்ண?

வெள்ளைக்காரனுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னால உன் பேரலையே ஒருவாட்டி அளந்துடு. பொட்டியில போட்டிருக்கற நம்பரை நம்பாத. மொதல்ல ரைஃபிள் காலியான்னு ரெண்டு தபா பாரு. கைப்புடி தானா சுத்தற கிளீனிங் ராடு எடு, முனையில துணியை இறுக்கமா சுத்து. உள்ள தள்ளினதும் ராடு மேல வாய்க்கிட்ட ஒரு கோடு, தலைமேல ஒரு கோடு போடு. மெதுவா தள்ளு. மேல் கோடு ஒரு முழுச் சுத்து சுத்தி மறுபடி மேலுக்கு வந்ததும் நிறுத்தி, ராடு எவ்ளோ உள்ள போயிருக்குன்னு ஸ்கேல் வெய்யி. துணி வழுக்கினா தப்பாக் காட்டும், நாலு தபா பண்ணு.

16 வந்துச்சுன்னா, புது பேரல் காசுல நாலஞ்சு கம்பெனி 40 கிரெய்ன் டப்பா வாங்கு. மண்ணு மூட்டை மேல ரைஃபிளை வெச்சு, ஒவ்வொண்ணுலயும் பத்து பத்து சுடு. எது கொத்தா வுழுதோ, அதே லாட் நம்பர்ல மிச்சக் காசுக்கும் வாங்கிக் குமிச்சு வெய்யி. அதே கம்பெனி, அதே டப்பா, லாட் மாறினாலே ருசி மாறும். அந்த 60 கிரெய்ன் டப்பாவைத் தூக்கிப் போட்டுடாத. உன் சேக்காளி ஒருத்தன் உன்னை வுட அதிகமா ஏழு ஏழுன்னு கத்தினானே, லைசென்ஸ் இருக்கான்னு பாத்துட்டு அவன் தலையில கட்டு.