சத்தமில்லாக் காற்று

கணினிப் பெட்டியின் விசிறி இரைகிறதே என்று பயாஸுக்குள் நுழைந்தவர் லேசில் வெளியே வருவதில்லை. அங்கே ஒரு கோட்டுப்படம்: கிடையாக வெப்பம், செங்குத்தாக வேகம், இழுத்து விளையாடச் சில புள்ளிகள். 40 டிகிரிக்கு 30 சதவீதம், 70-க்கு 60 என்று பட்ஜெட் போட்டு முடித்தால், பிரவுசரில் ஒரு டேபைத் திறந்ததும் விசிறி உர்ரென்கிறது. பிராசஸரின் சூடு நொடியில் ஏறி நொடியில் இறங்கும். அந்தச் சிணுங்கலுக்கெல்லாம் பெட்டி விசிறி எழுந்து ஓட வேண்டியதில்லை. சில நொடி பொறுத்துக் கிளம்பு என்று சொல்லும் வசதி பல பயாஸ்களில் அதே திரையிலேயே உண்டு. அதை யார் தொடுகிறார்கள்? புள்ளியை இழுப்பதில்தானே சுகம்! கேம் ஆடும்போது பெரும்பாலும் அதிகமாகக் கொதிப்பதென்னவோ கிராஃபிக்ஸ் கார்டு. விசிறி பிராசஸரின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். லாபமான பேரம். நண்பர் தன் 120 மி.மீ. விசிறிகளை நிமிஷத்துக்கு 600 சுற்றுக்கு இறக்கிவிட்டு, "கேளுடா, சத்தமே இல்லை" என்றார்.

"என்னது?" என்று கத்தினேன். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.